ஒரே ஒரு புள்ளடி

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் நாங்கள் இருக்கும் பகுதியில் தேர்தல் என்றால் வடை என்று அர்த்தம். அக்கா விடிய எழும்பி இரண்டு பெரிய சட்டி நிறையப் பருப்பு வடை சுடுவார். அதைக் குடியிருப்பின் கீழ்த்தளத்துப் பொது மண்டபத்தில் வைத்து, காவலுக்குத் தன் கணவரையும் வைத்துவிட்டு, எட்டு மணிக்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். அத்தானுக்கு இருந்த கட்டளை ஒன்றுதான். வாக்குப் போட்டுவிட்டு வருகிறவருக்குத்தான் வடை, போகிறவருக்கு இல்லை. மணத்துக்கு மயங்கி யாராவது போகிற வழியில் கையை நீட்டினால் அத்தான் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

“போட்டிட்டு வாங்கோ. முதல் தந்தா அது லஞ்சமாம். மேலிடத்து உத்தரவு,” என்பார்.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்போது மகளோடு பிரெடெரிசியா நகரில் இருக்கிறார். எழுதிவிட்டு அனுப்பினால், முதல் வரியிலேயே “என்ர பேர் என்னத்துக்கு இதுக்குள்ள?” என்று தொலைபேசி வரும். என் சொந்த அக்காவும் இல்லை. எங்கள் குடியிருப்பின் அடுத்த படிக்கட்டு வீட்டில் இருந்தார், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், நான் டென்மார்க்குக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தில் எனக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர். அப்படித்தான் அக்கா ஆனார். அவருக்கு வேலை முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். ஆனால் வருகிற தேர்தல் ஒவ்வொன்றுக்கும் விடுமுறை எடுத்து, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில், வாக்குச்சாவடி மேசைகளில் ஒன்றில் கழுத்தில் அட்டையோடு இருப்பார். அந்த மண்டபத்தில் முதல் முதலாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த தமிழாள் அவர்தான். நாங்கள் எல்லாம் மேசைக்கு முன்னால் நின்று பழகியவர்கள்.

அந்த மேசையில் அவருக்கு உறவு கிடையாது. அத்தான் போய் நின்றாலும் ஒன்றுதான். பல வருடம் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்ட மனிதரிடம் வாக்கு அட்டையை வாங்கிக்கொண்டு, டெனிஷில், “பிறந்த திகதி?” என்று கேட்பார். அத்தான் ஒரு முறை பகிடிக்கு, “உமக்குத் தெரியாதோ?” என்று தமிழில் கேட்டிருக்கிறார். அக்கா நிமிர்ந்து பார்க்காமல் திரும்பவும், “பிறந்த திகதி?” என்றாராம். பின்னால் வரிசை நின்றது. அத்தான் திகதியைச் சொன்னார்.

அக்காவை அறிந்த எவரையும் கேளுங்கள், ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். அவர் யாருக்கு வாக்குப் போடுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. அத்தானுக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. அது பெரிய விஷயமா, எத்தனையோ பேர் சொல்வதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அக்கா மற்றவர்களையும் சொல்ல விடமாட்டார். அங்கேதான் தொல்லை. பிறந்தநாள் விழாக்களில் ஆண்கள் நாலு பேர் கூடினால் அரசியல்தானே. “நான் இந்த முறை இன்னாருக்குத்தான்…” என்று ஒருவர் தொடங்கினால், அக்கா எங்கிருந்தோ வந்து, “அண்ணை, உங்கட கோப்பை வெறுமையாக் கிடக்கு, என்ன விடட்டும்?” என்பார். பேச்சு உடைந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்து அவர் மீண்டும் தொடங்கினால் அக்கா மீண்டும் வருவார், இந்த முறை கட்லட்டோடு. அவருடைய கட்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒருவராலும் கட்சி பேச முடியாது.

எனக்கு இது முதலில் கோமாளித்தனமாகவே பட்டது. நான் பேருந்துச் சாரதி. நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு அரசியல் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். இந்த நாட்டில்தான் எதையும் வெளிப்படையாகச் சொல்லலாமே, பிறகென்ன ஒளிப்பு என்று அத்தானிடம் ஒரு நாள் கேட்டேன். அத்தான் தாழ்ந்த குரலில் ஒரு கதை சொன்னார். ஊரில் ஒரு தேர்தலில் அக்காவின் தகப்பன், உத்தியோகம் பார்த்த மனுஷன், யாருக்குப் போட்டேன் என்று சந்தியில் நின்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்களாம். மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அடித்த அடியில் அவருக்கு ஒரு காது போய்விட்டது. அக்காவுக்கு வாக்குரிமை வந்து, முதல் தடவையாக வாக்குச்சாவடிக்குப் போனபோது, “பிள்ளை, உம்மட வோட்டு விழுந்திட்டுது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரோ போட்டிருந்தார்கள். இந்த இரண்டையும் அக்கா ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. “நீர் கேட்டதாக் காட்டிக்கொள்ளாதையும்,” என்றார் அத்தான். நான் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கட்லட் வந்தால் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

எங்கள் பகுதியின் தேர்தல் வரலாறு முழுக்க அக்காவின் தலைக்குள் இருந்தது. ஆனால் அவர் சொல்லும் வரலாற்றில் கட்சியே வராது. “ஆர் வெண்டது எண்டது பேப்பரில கிடக்கு. ஆர் வந்தது எண்டதுதான் எனக்குத் தெரியும்,” என்பார். அவருடைய கணக்கெல்லாம் வரிசையைப் பார்த்துத்தான். அவர் வந்த புதிதில் இந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைக் குடும்பங்கள். பின்னேரம் வேலை முடிந்ததும் வேலைச் சப்பாத்தோடு கூட்டமாக வருவார்களாம். மண்டபத் தரையெல்லாம் எண்ணெயும் சேறும். பிறகு தொழிற்சாலை மூடிய வருடம் அதே ஆட்கள் காலை பத்து மணிக்கு, தனித்தனியாக, சவரம் செய்துகொண்டு வந்தார்கள். “அண்டைக்கு நான் விளங்கிக் கொண்டன், இனி இந்த இடம் மாறப் போகுது எண்டு,” என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள், சோமாலியர்கள், பிறகு பிள்ளைகளைச் சைக்கிளில் முன்னால் ஏற்றிவரும் இளம் டெனிஷ்காரர்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு நகரசபைத் தேர்தலில் மட்டும்தான் வாக்கு. அந்த நாளில் மட்டும் வெள்ளைச் சேலையோடு வரும் வயோதிப அம்மாக்களையும் அக்கா ஒவ்வொருவராக நினைவில் வைத்திருந்தார். யார் எந்த வருடம் வரவில்லை என்பதையும்.

ஒரு வருடம் எங்கள் மண்டபத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில், வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொன்ன கட்சி முதலாவதாக வந்தது. அடுத்த நாள் காலை எனக்குப் பேருந்து ஓட்டவே மனமில்லை. ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். இவரா? இந்த மனுஷியா? தினமும் “காலை வணக்கம்” சொல்கிறவரா? மாலையில் அக்காவிடம் போய்க் கொட்டினேன். மேல்மாடிக் கிழவர் கட்டாயம் அந்தக் கட்சிதான், கண்ணைப் பார்த்தாலே தெரியும் என்றேன். அவருக்கு முழங்கால் வருத்தம். தேர்தலுக்குத் தேர்தல் அக்காதான் விடியக் காரில் ஏற்றி, போகும்போதே அவரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவது.

“நீங்களே காரில ஏத்திக்கொண்டு போய், எங்களைத் துரத்துறதுக்கு வோட்டுப் போட வைக்கிறியள்,” என்றேன்.

“அவர் ஆருக்குப் போட்டவர் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. ஆனா முகம்…”

“முகத்தைப் பாத்துக் கணக்குப் போடாதேங்கோ, தம்பி. நாளைக்கு அவையளும் உங்கட முகத்தைப் பாத்துக் கணக்குப் போடுவினம்.”

அடுத்த தேர்தலுக்கும் கிழவர் அக்காவின் காரில்தான் போனார். திரும்பி வந்து இரண்டு வடை சாப்பிட்டார். உறைப்புத் தாங்காமல் அழுதார்.

இனி என் கூத்தைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் நான் நகரசபைத் தேர்தலில் நின்றேன். கட்சிக்காரர்கள் வந்து கேட்டார்கள். பேருந்து ஓட்டுகிறவன், ஊரெல்லாம் முகம் தெரியும், தமிழ் வாக்கும் வரும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிய கணக்கு. கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்க்கத் தொடங்கினேன். மனைவி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கதிரை உண்மையாகவே வேண்டியிருந்தது. இருபது வருடமாக இந்த நகரத்தை நான் சுமந்துகொண்டு திரிகிறேன், ஒரு தடவையாவது அது என் பேச்சைக் கேட்கட்டும் என்று இருந்தது.

நகரசபை வாக்குச்சீட்டு ஒரு சேலை முந்தானை அளவு நீளம். கட்சிக் கட்சியாகப் பட்டியல், ஒவ்வொன்றின் கீழும் பெயர்கள். ஒரு கட்சிக்கு எத்தனை கதிரை என்பதை அதற்கு விழும் மொத்த வாக்குகள் தீர்மானிக்கும். அந்தக் கதிரையில் யார் உட்காருவது என்பதை அவரவர் பெயருக்கு விழும் வாக்குத் தீர்மானிக்கும். எங்கள் கட்சியில் கடைசிக் கதிரைக்கு எனக்கும் ஓர் ஆசிரியருக்கும்தான் போட்டி என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே என் பெயருக்கு நேரே விழும் பெருக்கல் குறி, அந்தப் புள்ளடிதான் எனக்கு உயிர்.

நான் முதலில் போனது அக்காவிடம். எங்கள் பகுதித் தமிழ் வீடுகளில் அவர் சொன்னால் கேட்காத ஆளில்லை.

“அக்கா, ஒருக்கா எல்லா வீட்டுக்கும் போய் எனக்காகச் சொல்லுங்கோ.”

“வோட்டுப் போடச் சொல்லி வழமையாச் சொல்லுறனான். இந்த முறையும் சொல்லுவன்.”

“எனக்கெண்டு சொல்லுங்கோ.”

“அது மட்டும் ஏலாது, தம்பி.”

“நான் உங்கட தம்பி இல்லையோ?”

“தம்பிதான். அதாலதான் ஏலாது.”

எழும்பி வந்துவிட்டேன். தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தார், குடிக்கவில்லை. அந்தக் கோபத்தில் மூன்று வாரம் அவரோடு கதைக்கவில்லை.

அக்கா இல்லாவிட்டால் என்ன, தமிழ்ச் சங்கச் செயலாளர் இருந்தார். அவர் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்துத் தருகிறேன் என்றார். நான் அதில் பார்த்தது இரண்டே விஷயம்: என் படம் நன்றாக விழுந்திருக்கிறதா, என் பெயரில் எழுத்துப்பிழை இல்லையா. இரண்டும் சரி. எல்லா வீட்டுத் தபால்பெட்டியிலும் போட்டார்கள். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று நான் வாசிக்கவில்லை. இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின திங்கள் மத்தியானம் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மூன்று முறை. நான் சந்தைச் சதுக்கத்தில் நின்று கட்சிக்காரர்களோடு போகிறவர் வருகிறவருக்குக் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். இலக்கத்தைப் பார்த்தேன், எடுக்கவில்லை. இப்பதான் ஞாபகம் வந்ததாக்கும், இருக்கட்டும் என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பின்னேரம் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். 

“உங்கட அக்கா வீடு வீடாத் திரியிறா. உங்கட நோட்டீசை வாங்கி, பேனையால குறுக்கால கீறிப் போட்டுக் குடுக்கிறாவாம்!”

“என்ன?”

“கண்ணால கண்ட ஆள் சொன்னது. மற்றக் கட்சிக்காரர் ஆரோ பிடிச்சிருக்கினம் போல.”

 எனக்காக ஒரு கதவும் தட்ட மாட்டேன் என்றவர் எனக்கு எதிராகக் கதவு தட்டுகிறார். அன்றிரவு நான் தூங்கவில்லை. மனைவி, “அவவைக் கேட்டுப் பாருங்கோவன்,” என்றாள். “கேக்க என்ன கிடக்கு?” என்று அவள் மேல் பாய்ந்தேன்.

செவ்வாய் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேண்டுமென்றே அக்காவின் மேசை வரிசையில் நின்றேன். அவர் என் அட்டையை வாங்கினார். முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. பிறந்த திகதி கேட்டார், சொன்னேன். பட்டியலில் அடையாளமிட்டுக்கொண்டிருந்தபோது நான் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில் கேட்டேன்.

“நீங்கள் ஆருக்கு வேலை செய்யிறியள்? எவ்வளவு தந்தவங்கள்?”

பக்கத்து மேசையில் நின்ற ஒரு தமிழ் அம்மா திரும்பிப் பார்த்தார். அக்கா பட்டியலில் அடையாளத்தை இட்டு முடித்தார். வாக்குச்சீட்டைக் கொடுக்கும் டெனிஷ் பெண்ணிடம் என்னைக் கையால் காட்டினார். பிறகு எல்லோருக்கும் சொல்லும் அதே குரலில், “ஒரு புள்ளடி மட்டும்,” என்றார். பின்னால் நின்றவரின் அட்டைக்குக் கையை நீட்டினார்.

அன்று வடை சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன். அத்தான் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

கட்சிகளின் கணக்கு அன்றிரவே தெரிந்துவிட்டது. பெயர்களின் கணக்கு அடுத்த நாள். புதன் பின்னேரம், எண்ணும் இடத்தில் கட்சி சார்பில் நின்ற பெண்மணி எனக்குத் தொலைபேசி எடுத்தார். “வாழ்த்துகள். கடைசிக் கதிரை உனக்கு. ஆசிரியரைவிடப் பதினொரு வாக்குக் கூட,” என்றார். நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் காத்திருந்து, என் சத்தம் அடங்கியதும், “ஒன்று கேட்கவேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எட்டுச் சீட்டு, எல்லாவற்றிலும் ஒரே மூன்று பெயருக்குப் புள்ளடி. உனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும். அப்படிப் போட்டால் வாக்குக் கட்சிக்குத்தான் போகும், ஒரு பெயருக்கும் சேராது. ஏன் அப்படிப் போட்டார்கள்?” என்றார்.

மேசை லாச்சியைத் திறந்து என் துண்டுப்பிரசுரத்தை எடுத்தேன். முதல் தடவையாக வாசித்தேன். படத்துக்குக் கீழே ஒரு மாதிரி வாக்குச்சீட்டு. என் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி. எங்கள் கட்சியில் தமிழருக்கு நல்லவர்கள் என்று சங்கம் தீர்மானித்த இரண்டு டெனிஷ்காரர்களின் பெயருக்கு நேரே இன்னும் இரண்டு. கீழே கொட்டை எழுத்தில்: “மூன்று விருப்பு வாக்குகளையும் தவறாமல் அளியுங்கள்.”

நாங்கள் விட்டுவந்த நாட்டில் அப்படித்தான். கட்சிக்கு ஒன்று, பிறகு ஆட்களுக்கு மூன்று விருப்பு வாக்கு. செயலாளர் இந்த நாட்டில் எத்தனையோ தேர்தலில் வாக்குப் போட்டவர், ஆனால் கட்சிக்கு மட்டும் ஒரு புள்ளடி போட்டு வந்தவர். ஆளுக்கு ஆள் போடவேண்டும் என்றதும் அவருடைய கை தானாக ஊருக்குப் போய்விட்டது. எங்கள் வயோதிப அம்மாக்களின் கையும் அப்படித்தான் போயிருக்கும். எல்லா வீட்டிலும் போயிருக்கும்.

சப்பாத்தைக் கூடச் சரியாகப் போடாமல், எங்கள் படிக்கட்டில் இருந்த ஒரு தமிழ் வீட்டுக்கு ஓடினேன். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் என் பிரசுரம் ஒட்டியிருந்தது. மாதிரி வாக்குச்சீட்டின் மேல், மூன்று புள்ளடியையும் சேர்த்து, மூலைக்கு மூலை ஒரு கோடு. என் படத்தில் கை படவில்லை. கீழே அக்காவின் கையெழுத்து: “ஒரே ஒரு புள்ளடி. ஆருக்கு என்பது உங்கள் விருப்பம்.”

“அவ எல்லா வீட்டுக்கும் வந்தவ, தம்பி,” என்றார் அந்த வீட்டு அம்மா. “மழையிக்க நனைஞ்சு போய் நிண்டா. தேத்தண்ணி குடியுங்கோ எண்டன், இன்னும் வீடு கிடக்கு எண்டிட்டுப் போட்டா.”

ஆட்கள் இல்லாத வீடுகளை அவர் விட்டுப் போயிருக்கவேண்டும். அந்த எட்டுச் சீட்டும் அங்கேயிருந்துதான் வந்திருக்கும். அவர் போகாவிட்டால் எட்டு எத்தனையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பெரிய கணிதம் தேவைப்படவில்லை.

அன்றைக்கே பேக்கரியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன். மன்னியுங்கோ அக்கா என்று பத்துத் தரம் சொல்லியிருப்பேன். அவர் என்னை உட்கார வைத்து, கேக்கை வெட்டி, பெரிய துண்டை எனக்கே வைத்தார்.

“போன் எடுத்தனான். நீங்கள் எடுக்கேல்லை. பேந்து என்ன செய்யிறது?”

“நீங்கள்தான் அக்கா என்னை வெல்ல வச்சது.”

அதற்கு மட்டும் முகம் மாறியது. “அப்படிச் சொல்லாதேங்கோ. நான் உங்களை வெல்ல வைக்கேல்லை. முந்தியும் இப்படி மூண்டு புள்ளடிச் சீட்டு ஒண்டு ரெண்டு எண்ணேக்கை கண்டிருக்கிறன். தாங்கள் ஒரு ஆளுக்குப் போட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு போவினம், அது அந்த ஆளுக்குப் போகாது. மனுசர் இவ்வளவு தூரம் நடந்து வந்து போடுறது, போட நினைச்ச இடத்தில விழவேணும். அவ்வளவுதான். அந்த ஆசிரியருக்குப் போட நினைச்ச வீட்டிலயும் இதைத்தான் சொன்னனான்.”

அப்படியும் வீடுகள் இருந்தன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்த வீடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கேக்தான் வந்திருக்கும்.

நான் நான்கு வருடம் நகரசபையில் இருந்தேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை. முதியோர் இல்லத்துக்கு முன்னால் பேருந்துத் தரிப்பிடத்துக்கு ஒரு கூரை போடவைத்தேன், இரண்டு வருடம் கத்தி. அடுத்த முறை தோற்றேன். கதிரை ஆசை தீர்ந்தது. ஆனால் அந்த நான்கு வருடத்தில் என்னிடம் முறைப்பாட்டோடு வந்த ஒருவரையும், இவர் எனக்குப் போட்டவரா என்று நான் முகம் பார்க்கவில்லை. அதை அக்காவிடம்தான் கற்றேன், கொஞ்சம் பிந்தி.

நான் நகரசபைக்குப் போன அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வேலை முடிந்து சீருடையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்காவின் மேசையில் ஒரு டெனிஷ் பெண் இருந்தாள். அக்கா வரிசையில் நின்றார், எனக்கு நாலு பேர் முன்னால், கையில் வாக்கு அட்டையோடு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. நான் அவரை அந்த மண்டபத்தில் நின்ற நிலையில் அதற்கு முன் கண்டதே இல்லை. வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்து நின்றார்.

“ஏனக்கா, இண்டைக்கு லீவு கிடைக்கேல்லையோ?”

“அந்த வேலையை விட்டிட்டன், தம்பி.”

“எப்ப?”

“போன முறை.” அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “நோட்டீசோட வீடு வீடாப் போனனான் எல்லோ. செவ்வாய் காலமை, கதவு திறக்க முந்தி, மண்டபத்துக்குப் பொறுப்பானவவிட்டச் சொன்னனான். அதில ஒரு பிழையும் இல்லை, எப்படிப் போடுறது எண்டு ஆரும் சொல்லிக் குடுக்கலாம் எண்டவ. அவவுக்குப் பிழை இல்லை. எனக்குச் சரிவரேல்லை. ஒரு ஆளின்ர நோட்டீசைக் கையில வச்சுக்கொண்டு கதவு தட்டினவள் அடுத்த நாள் அந்த மேசையில இருக்கக் கூடாது. அண்டைக்கு மாத்த ஆளில்லை எண்டபடியா இருந்தன். எண்ணி முடிஞ்சதும் கழுத்து அட்டையைக் கழட்டிக் குடுத்திட்டு வந்திட்டன்.”

 “அப்ப… நான் வந்து அப்படிக் கேட்ட நேரம்…”

“ஓம். தெரியும். அண்டைக்குக் கடைசி நாள் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான்.”

“ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை? அண்டைக்குக் கேக் கொண்டு வரேக்கையாவது சொல்லியிருக்கலாமே. நான் இப்ப நகரசபையில இருக்கிறன். ஒரு சொல்லுக் கதைச்சாக் காணும், நாளைக்கே உங்களைத் திருப்பி…”

“அதாலதான் சொல்லேல்லை,” என்றார். “நீங்கள் கதைப்பியள். அவையளும் கேப்பினம். பேந்து நான் ஆரின்ர ஆளா அந்தக் கதிரையில இருப்பன்?”

எங்களுக்குள் நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. சொந்தக்காரருக்கு அதைச் சொன்னால் அந்நியப்படுத்துவதுபோல இருக்கும். மன்னிப்புக் கேட்ட அன்றுகூட நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, வென்றதைப் பற்றித்தான் சொன்னேன். அந்தச் சைக்கிள்களுக்கு நடுவில், சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “நன்றி அக்கா,” என்றேன். அவர் அதை மறுக்கவில்லை.